அதிபர் விவாதத்துக்கு மார்க் போடுவது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளையை டிபேட் டீமில் சேர்த்த பெற்றோருக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரியவரும். பிள்ளை போட்டிக்குப் போனால் மட்டும் போதாது, வீட்டிலிருந்து யாராவது நடுவராகவும் போகவேண்டும். இத்தனை மாணவர்களை அனுப்பினால் இத்தனை நடுவர்களையும் அனுப்பு என்பது பெரும்பாலான போட்டிகளில் விதி. அப்படி மாட்டிக்கொண்டவள் நான். வீடு பென்சில்வேனியாவில், பிலடெல்ஃபியாவுக்கு மேற்கே செஸ்டர் கவுன்ட்டியில். மகளுக்காகப் போக ஆரம்பித்தது பழகிப்போய், இப்போது சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு ஹைஸ்கூல் கேஃபடீரியாவில் பேகலும் காப்பியுமாக உட்கார்ந்து, எந்த அறைக்குப் போகவேண்டும் என்று, போட்டி அட்டவணை போடும் டேப்ரூம் தளத்திலிருந்து போனில் வரும்வரை காத்திருக்கும் அம்மா அப்பாக்களில் நானும் ஒருத்தி.

அந்த அறைகளில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் அதிபர் விவாதங்களையும் பார்க்கிறேன். புதிதாகக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள் ஒவ்வொரு விவாதம் முடிந்ததும் ‘யாரு ஜெயிச்சா?’ என்று கேட்கிறார்கள். 2028-இல் முதல் ஓட்டுப் போடப்போகிறவர்கள் இந்த வட்டாரத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பப்ளிக் ஃபோரம் என்ற பிரிவில் அணிக்கு இரண்டு பேர். சுற்று முடிந்ததும் நடுவர் பேலட்டில், அதாவது தீர்ப்புத் தாளில், இரண்டு வேலை செய்யவேண்டும். எந்த அணி வென்றது என்று குறிப்பது ஒன்று, ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனித்தனியாகப் பாயின்ட் போடுவது இன்னொன்று. பல போட்டிகளில் அது 25 முதல் 30 வரை. தோற்ற அணிக்குக் கூடுதல் பாயின்ட் போடவும் பல இடங்களில் அனுமதி உண்டு. அப்போது ஜெயித்த அணிக்குக் கிடைப்பதை ‘லோ பாயின்ட் வின்’ என்பார்கள். அழகாகப் பேசிய அணி வாதத்தில் தோற்றுப்போனது என்று அர்த்தம். முதல்முறை நடுவராக வரும் அப்பாக்கள் பலருக்கு இதை ஜீரணிக்கவே முடியாது. நன்றாகப் பேசினால் ஜெயித்த மாதிரிதானே என்பார்கள்.

வாக்காளருக்கு இந்த இரண்டுடன் மூன்றாவதாகவும் ஒரு கட்டம் உண்டு. யார் நன்றாகப் பேசினார், யார் வாதத்தில் நின்றார், யாருக்கு என் ஓட்டு. விவாதம் முடிந்த பத்தாவது நிமிஷம் டிவிக்காரர்கள் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து ‘யார் வென்றார்?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுவார்கள். அந்தப் பிசையலுக்குள் விழாமல் மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போடுவதைத்தான் கீழே சொல்கிறேன்.

முந்தின நாள்

ஒரு காகிதம் எடுத்து மேலே ‘நான் யார் பக்கம்’ என்று எழுதி, உண்மையான பதிலை எழுதுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. கட்சிச் சாய்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தன் ஆள்தான் ஜெயித்ததாகத் தோன்றும். எழுதி வைத்துவிட்டால் அந்தச் சாய்வு போய்விடாது, ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்பது ஞாபகம் இருக்கும்.

நம்மவர்களுக்கு 2024-இல் கூடுதலாக ஒரு சாய்வும் இருந்தது. கமலா ஹாரிஸின் அம்மா ஷியாமளா கோபாலன் தமிழ்ப்பெண். 2020-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டு உரையில் ஹாரிஸ் ‘சித்தி’கள் என்று ஒரு வார்த்தை சொன்னபோது நம் வாட்ஸாப் குழுக்கள் எப்படித் துள்ளின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். பெருமைப்படுவதில் தப்பே இல்லை. அதையும் காகிதத்தின் தலையில் எழுதிவிடவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெருமை எரிச்சலாக மாறி எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் எங்கள் நட்பு வட்டத்தில் உண்டு. அவர்களும் எழுதவேண்டும்.

அதற்குக் கீழே, உங்கள் வீட்டைத் தொடும் கேள்விகள் இரண்டு அல்லது மூன்று. ‘பொருளாதாரம்’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, எல்லாரும் எல்லாமும் பேசிவிடுவார்கள். இன்சுலின் விலை, தம்பியின் கிரீன் கார்டு வரிசை, மகளின் காலேஜ் கடன் என்று இறங்கி எழுதுங்கள். உங்கள் கேள்வி மேடைக்கு வராமலே போகலாம். கிரீன் கார்டு வரிசை அநேகமாக வராது. எல்லையைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போடுவார்கள், சட்டப்படி வந்து பத்துப் பதினைந்து வருஷமாகக் காத்திருப்பவரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். வரவில்லை என்பதும் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல்தான்.

விதிமுறைகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். 1988 முதல் 2020 வரை பொதுத்தேர்தல் விவாதங்களை ஒரே ஆணையம் நடத்தியது. 2024-இல் வேட்பாளர்கள் அதை ஒதுக்கிவிட்டு நேரடியாக டிவி நிறுவனங்களோடு பேசி முடித்துக்கொண்டார்கள். அட்லான்டாவில் சிஎன்என், பிலடெல்ஃபியாவில் ஏபிசி. இரண்டிலும் பார்வையாளர்கள் கிடையாது, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும், எழுதிவைத்த குறிப்பு எதுவும் மேடைக்கு வரக்கூடாது. ஒரு பேனா, வெற்று நோட்டு, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். விதி மாறினால் ஆளே வேறு மாதிரித் தெரிவார். 2020 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் டிரம்ப் ஓயாமல் குறுக்கிட, பைடன் ‘வாயை மூடமாட்டீரா’ என்கிற அளவுக்குப் போனார். அக்டோபரில் நாஷ்வில்லில், ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவர் தொடக்கப் பதில் சொல்லும்போது மற்றவர் மைக்கை அணைத்தார்கள். அதே இருவர் ஓரளவு மனுஷர்களாகப் பேசினார்கள். அதில் எவ்வளவு அவர்கள் குணம், எவ்வளவு சுவிட்சின் குணம் என்று யோசித்துத்தான் மார்க் போடவேண்டும்.

பதவியில் இருப்பவர் முதல் விவாதத்தில் சறுக்குவது கிட்டத்தட்ட வழக்கமாகவே ஆகிவிட்டது. 1984 லூயிவில்லில் ரீகன், 2004-இல் புஷ், 2012 டென்வரில் ஒபாமா. நாலு வருஷம் யாரும் எதிர்த்துப் பேசாத அறைகளில் இருந்துவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும். மூவருமே மறுபடி ஜெயித்தார்கள். எதிர்பார்ப்பைக் குறைப்பதற்காகத் தேர்தல் குழுக்கள் முன்கூட்டி விடும் அறிக்கைகளைப் படிக்கவே வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

டிபேட் பிள்ளைகள் ‘ஃப்ளோ’ எடுப்பார்கள். காகிதத்தை அகலவாட்டில் வைத்து, பேச்சுக்கு ஒரு பத்தி பிரித்து, ஒரு வாதம் எங்கே தொடங்கி எப்படி மறுக்கப்பட்டு எங்கே போய் முடிகிறது என்று இடமிருந்து வலமாகக் கோடு இழுத்துக்கொண்டே போவது. இதை நாம் எளிமையாக்கிக்கொள்ளலாம். லீகல் சைஸ் தாள், இரண்டு நிறப் பேனா, நான்கு பத்தி. முதல் பத்தியில் நெறியாளர் கேட்ட கேள்வி, இரண்டாவதில் முதலில் பேசியவர் பதில், மூன்றாவதில் எதிராளி பதில், நான்காவதில் துணைக்கேள்வியும் அதற்கு வந்ததும்.

நால்வகைக் குறியீடு போதும். கேள்விக்குப் பதில் சொன்னால் டிக். வேறு எங்கோ போனால் அம்புக்குறி. சரிபார்க்கவேண்டிய எண்ணோ செய்தியோ வந்தால் அதைச் சுற்றி வட்டம். எதிராளியின் குற்றச்சாட்டைத் தொடாமலே விட்டால் அந்தக் கட்டம் காலி. எழுதுவதில் மிக முக்கியமானது முதல் பத்தி. கேள்வியை முழுசாக எழுதுங்கள். தொண்ணூறு விநாடி கழித்து வேட்பாளர் வேறு ஊரில் நிற்பார், கைத்தட்டத் தோன்றும்படி ஏதோ சொல்லியிருப்பார், கேட்டது என்ன என்பது உங்களுக்கே மறந்திருக்கும். இந்தத் தொழிலே அந்த மறதியை நம்பித்தான் நடக்கிறது.

2024 செப்டம்பர் 10 இரவுத் தாளிலிருந்து இரண்டு வரி காட்டுகிறேன்.

முதல் கேள்வி ஹாரிஸுக்கு. நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட அமெரிக்கர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? கேள்வி புதுசு இல்லை. 1980 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ரீகன் கேமராவைப் பார்த்து வாக்காளர்களிடம் கேட்டது. பதவியில் இருக்கும் கட்சிக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. ஹாரிஸ் தான் நடுத்தர வர்க்கத்தில் வளர்ந்தவள் என்று தொடங்கினார். பச்சைக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு 6,000 டாலர் வரிச்சலுகை, புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு 50,000 டாலர் வரிக்கழிவு என்று திட்டங்களைச் சொன்னார். திட்டம் இருந்தது, எண் இருந்தது, தெளிவு இருந்தது. ஆமா, இல்லையா என்ற பதில் மட்டும் இல்லை. அம்புக்குறி.

கொஞ்ச நேரம் கழித்துக் குடியேற்றம். டிரம்புக்குப் பலமான தலைப்பு, ஹாரிஸுக்கு முள். எல்லைப் பாதுகாப்பைக் கடுமையாக்கும் மசோதாவை டிரம்ப்தான் கெடுத்தார் என்று சொல்லிவிட்டு, பதிலின் வாலில் ஹாரிஸ் ஒரு தூண்டில் போட்டார். அவர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், மக்கள் களைத்தும் சலித்தும் பாதியிலேயே எழுந்து போகிறார்கள் என்று. நெறியாளர் டேவிட் மியூர் டிரம்பிடம், அந்த மசோதாவை ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டார். டிரம்ப், முதலில் கூட்டங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கி, தன் கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பேசி, அங்கிருந்து ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய், வந்தேறிகள் ஊர்க்காரர்களின் நாயைத் தின்கிறார்கள் என்பதில் முடித்தார். நம்பகமான புகார் எதுவும் இல்லை என்று அந்த ஊர் நகர நிர்வாகி சொன்னதாக மியூர் இடைமறித்தார். மறுநாள் உலகமே நாய் கதையைத்தான் பேசியது. என் தாளில் அந்த வரியில் பெரிய வட்டம் ஒன்று இருந்தது. அதைவிட முக்கியமானது பக்கத்திலிருந்த காலிக் கட்டம்: மசோதாவை ஏன் தடுத்தார் என்பதற்குப் பதிலே இல்லை. குடியேற்றத்தைப் பெரிய பிரச்சினையாக நினைத்த வாக்காளருக்கு அந்தக் காலிக் கட்டம்தான் நஷ்டம். சாதகமான தலைப்பை டிரம்ப் தானே கைநழுவவிட்டார்.

அதே தாளில் கீழே ஹாரிஸுக்கு இன்னொரு அம்பு. பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஃபிராக்கிங் விஷயத்தில் 2019-இல் சொன்னதும் இப்போது சொல்வதும் ஏன் வேறு என்று கேட்டார்கள். என் மதிப்பீடுகள் மாறவில்லை என்றார். தடை செய்யமாட்டேன் என்பது டிக், ஏன் மாறினீர்கள் என்பது அம்பு. பென்சில்வேனியாக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தப்பக்கம், உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் இருக்கிறதா என்ற கேள்விக்கு டிரம்ப், திட்டத்துக்கான கருத்துருக்கள் இருக்கின்றன என்றார். ஒன்பது வருஷம் கழித்தும் கருத்துரு! அம்பு போட்டு ஆச்சரியக்குறியும் போட்டேன். நடுவர் அப்படிப் போடக்கூடாது, வாக்காளர் போடலாம்.

பள்ளி நடுவரும் வாக்காளரும் பிரியும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் போட்டியில் ஒரு அணி தப்பான தகவல் சொல்லி, எதிரணி மறுக்காமல் விட்டால், எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் தலையிடக்கூடாது. அந்த வாதம் நின்றதாகத்தான் கணக்கு. அதிபர் விவாதத்தில் அந்தப் பெருந்தன்மை கூடவே கூடாது. 2024 ஜூன் 27 அட்லான்டாவில் நெறியாளர்கள் யாரையும் திருத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். பிறந்த குழந்தையைக் கொல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் இருக்கின்றன என்ற ரீதியில் டிரம்ப் பேசினார். தன் காலத்தில் உலகில் எங்கும் படைவீரர் யாரும் சாகவில்லை என்ற ரீதியில் பைடன் பேசினார். முன்னது எந்த மாநிலத்திலும் சட்டமில்லை. பின்னதற்கு 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் இறந்த 13 பேரே பதில். மேடையில் ஓடிப்போய்விடுகிற இந்த மாதிரி வாக்கியங்களுக்காகத்தான் வட்டம்.

கண் பார்ப்பதும் காது கேட்பதும்

பிலடெல்ஃபியா விவாதத்தின்போது திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தார். அமெரிக்க ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. சோபா ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏளா, இந்தப் பிள்ள அவரையே பாத்துக்கிட்டு நிக்கா. அவரு ஒருதடவகூட இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்காரே, என்னத்துக்கு?” என்றார். “தெரியல மாமா” என்றேன். மறுநாள் பத்திரிகைகளில் உடல்மொழி அலசல் எழுதியவர்கள் பாதிப்பேர் அதையேதான் எழுதியிருந்தார்கள். வார்த்தை புரியாமலே ஒருவர் இவ்வளவு வாசித்துவிட முடியும் என்றால், வார்த்தை புரிகிற நாமும் முக்கால்வாசி கண்ணால்தான் தீர்ப்பு எழுதுகிறோம் என்று அர்த்தம்.

இதற்கு 1960 செப்டம்பர் 26 சிகாகோ விவாதத்தை எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். முழங்கால் தொற்றுக்கு மருத்துவமனையில் கிடந்து இளைத்துப்போயிருந்த நிக்ஸன், பின்சுவரோடு கரைந்துபோகும் சாம்பல் நிறக் கோட்டில் நின்றார். எதிரே வெயிலில் கறுத்த ஆரோக்கியத்தோடு கென்னடி. டிவியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி, ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்ஸன் என்று கதை. அந்த ரேடியோ கணிப்பு சில நூறு பேரிடம் எடுத்தது, ரேடியோ கேட்டவர்கள் ஏற்கெனவே நிக்ஸன் பக்கம் சாய்ந்தவர்களாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்னால் சந்தேகம் எழுப்பினார்கள். ஆனால் கதை முழுப்பொய்யும் இல்லை. 2003-இல் ஜேம்ஸ் டிரக்மன் என்ற அரசியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வில், அதே விவாதத்தைச் சிலருக்கு ஒலியாக மட்டும், சிலருக்குப் படத்தோடு காட்டினார்கள். படம் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்ததாகச் சொல்வது கூடியது. அவர்கள் தீர்ப்பில் ஆள் எப்படிப்பட்டவர் என்ற எண்ணத்துக்கு எடையும் கூடியது.

அதனால் நான் செய்வது: கடைசி அரைமணி நேரத்தை அடுக்களையிலிருந்து கேட்பேன். பாத்திரம் கழுவுகிற வேலையும் முடியும். படம் போனதும் சிலர் பேச்சு திடீரென்று மெலிந்துவிடும், சிலருடையது கெட்டியாகும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேச்சுப் பாயின்ட் கட்டத்தின் ஓரத்தில் குறித்துவைப்பேன்.

கண்ணில் பட்டதை எல்லாம் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 1992 ரிச்மண்டில் ஒரு பெண் கேள்வி கேட்க எழுந்தபோது மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 2000-இல் பாஸ்டனில் அல் கோர் பெருமூச்சு பெருமூச்சாக விட்டார். இந்த இரண்டுக்கும் நான் மார்க் குறைக்கமாட்டேன். அதிபர் வேலைக்கும் பெருமூச்சுக்கும் சம்பந்தமில்லை. அட்லான்டாவில் பைடன் கரகரத்த குரலில், சொல்லவந்தது பாதியில் அறுந்து, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை முறியடித்துவிட்டோம் என்று முடித்ததை அப்படி ஒதுக்க முடியாது. நாலு வருஷம் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் அன்றைய தேதியில் கேள்வியே, அதற்கான சாட்சியம் திரையிலேயே நின்றது. கண்ணால் பார்த்தது வேலையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பும் கைத்தட்டலும் தனி வகை ஆபத்து. 1984 கான்சஸ் சிட்டியில் 73 வயது ரீகன், வயதை நான் பிரச்சினையாக்க மாட்டேன், எதிராளியின் இளமையையும் அனுபவக்குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்றார். அரங்கம் வெடித்தது, எதிரே நின்ற 56 வயது மான்டேலே சிரித்துவிட்டார். பிற்பாடு உளவியல் ஆய்வாளர்கள் அந்த ஒளிப்பதிவை எடுத்து, நகைச்சுவையை வைத்துக்கொண்டு அரங்கச் சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டு மாணவர்களுக்குக் காட்டினார்கள். ரீகனின் மதிப்பெண் சரிந்தது. ஜோக் அதேதான், சிரிக்க ஆள் இல்லை. பார்வையாளர்கள் சிலரின் உடனடி விருப்பு வெறுப்பைக் காட்டச் சில சேனல்கள் டிவித் திரையின் அடியில் ஏற்றி இறக்கும் கோடும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரிட்டனில் 2010 தேர்தல் விவாதத்தின்போது ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே ஏற்றி இறக்கிக் காட்டியதில், யார் ஜெயித்தார் என்ற கருத்தே கோட்டின் பின்னால் போனது. கோடு காட்டாத சேனலைப் போடுங்கள். இல்லையென்றால் திரையின் அடிப்பாகத்தில் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறோம்.

வாட்ஸாப் குழுவும் ஒருவகை அரங்கச் சிரிப்புதான். ஒன்றரை மணி நேரம் ம்யூட் செய்தால் உறவு முறிந்துவிடாது.

முடிந்த அடுத்த நிமிஷம்

டிவியை அணையுங்கள். இதுதான் மொத்தத்திலும் கஷ்டமான படி. அணைத்துவிட்டு, பேலட்டில் நாங்கள் ‘முடிவுக்கான காரணம்’ எழுதுவதுபோல இரண்டு வரி எழுதுங்கள். பேச்சுப் பாயின்ட் இருவருக்கும் இவ்வளவு. வாதத்தில் நின்றவர் இவர், ஏனென்றால் இன்ன கேள்வியில் இன்னது. ‘ஏனென்றால்’ எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு முடிவு இன்னும் கிடைக்கவில்லை, பிடித்திருக்கிறது அவ்வளவுதான்.

அணைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976 அக்டோபர் 6 போதும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரால்டு ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவே கேட்டபோது ஃபோர்டு நன்றாகச் செய்ததாகத்தான் கூடுதல் பேர் சொன்னார்கள். டிவியும் பத்திரிகையும் அந்த ஒரு வாக்கியத்தையே அரைத்தபிறகு மறுநாள் கேட்டால் எதிராளி கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று பெரும்பான்மை அப்படியே புரண்டுவிட்டது. விவாதத்தை அவர்கள் இரண்டாவது முறை பார்க்கவில்லை. 2000-இல் கோரின் பெருமூச்சும் இதே கதை. அன்றிரவுக் கணிப்பில் அவர்தான் சற்று முன்னால். ஃபோர்டு சொன்னது உண்மையிலேயே தப்பு, தெரிந்தபின் மனம் மாறுவது நியாயம். பெருமூச்சுக்கு அந்த நியாயம் கிடையாது. உங்கள் இரண்டு வரி கையில் இருந்தால், மறுநாள் மாறும்போது எந்தக் காரணத்துக்காக மாறுகிறீர்கள் என்பதாவது தெரியும்.

காலையில் எழுத்துப்படியை எடுத்து வட்டம் போட்டவற்றை மட்டும் சரிபாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் வேலைக்குப் போகமுடியாது. உங்கள் இரண்டு மூன்று கேள்வியோடு சம்பந்தப்பட்ட வட்டங்கள் போதும்.

‘67-33’ என்றால் என்ன

உடனடிக் கணிப்புகளை நான் படிப்பேன், நம்பிப் படிக்கமாட்டேன். சிஎன்என் கணிப்பு விவாதத்தைப் பார்த்தவர்களிடம் மட்டும் எடுப்பது, மொத்த வாக்காளர்களின் கருத்து இல்லை. 2024 ஜூனில் டிரம்ப் ஜெயித்தார் என்றவர்கள் 67 சதவீதம், பைடன் என்றவர்கள் 33. செப்டம்பரில் ஹாரிஸ் 63, டிரம்ப் 37. நவம்பரில் ஜெயித்தது டிரம்ப். 2016 முதல் விவாதத்தில் ஹிலரி கிளின்டன் 62, டிரம்ப் 27. அந்த வருஷ மூன்று விவாதத்திலும் ஹிலரிதான் முன்னால், வெள்ளை மாளிகைக்குப் போனவர் டிரம்ப். 2012 டென்வரில் ராம்னி 67, ஒபாமா 25. ராம்னி என்ன ஆனார் என்று தெரியும்.

அப்படியானால் விவாதமே வீண் என்றும் சொல்லக்கூடாது. 10 நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 டிவி விவாதங்களையும் ஆராய்ந்த கரோலின் லெ பெனெக், வான்சான் போன்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள், விவாதங்கள் ஓட்டை மாற்றியதாகத் தடயமே இல்லை என்றது உண்மைதான். 2016 தேர்தலுக்குப் பின் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 63 சதவீதம் பேர் விவாதங்கள் உதவியாக இருந்தன என்றார்கள், ஆனால் விவாதத்தின்போதோ முடிந்த கையோடோ முடிவெடுத்தவர்கள் 10 சதவீதம்தான். மக்கள் பேச்சுக்கும் வாதத்துக்கும் ஒரு பேலட், ஓட்டுக்கு வேறு பேலட் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். லோ பாயின்ட் வின்னைத் தேசமே தெரிந்து வைத்திருக்கிறது! அட்லான்டா விவாதம்கூட வாக்காளர்களைக் கட்சி மாற்றவில்லை. அது வேட்பாளரையே மாற்றியது, ஜூலை 21 அன்று பைடன் விலகினார்.

அதனால் மூன்றாவது கட்டத்தை, ஓட்டை, அந்த வாரம் நிரப்ப வேண்டாம். தபால் ஓட்டு கேட்டிருந்தால் மட்டும் தேதியைக் கவனியுங்கள். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அது கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும், தபால் முத்திரைத் தேதி செல்லாது.

பழகிப்பார்க்க 2028 வரை காத்திருக்கவும் வேண்டாம். இங்கே ஸ்கூல் போர்டு, டவுன்ஷிப் தேர்தல்கள் ஒற்றைப்படை வருஷத்தில் வரும். அதற்கு முன்னால், கட்சி சாராத வாக்காளர் அமைப்பான லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸின் உள்ளூர்க் கிளைகள் பல இடங்களில் வேட்பாளர் கூட்டம் போடும். 1976 முதல் 1984 வரை அதிபர் விவாதங்களை நடத்தியதே இந்த லீக்தான். 1988-இல் இரண்டு வேட்பாளர்களின் தேர்தல் குழுக்களும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட நிபந்தனைகளைப் பார்த்து, இது வாக்காளரை ஏமாற்றும் வேலை என்று சொல்லி விலகியது. நம் கவுன்ட்டியில் நடக்கும் கூட்டத்தில் கேள்வியைக் கார்டில் எழுதிக் கொடுக்கலாம், பதிலுக்கு ஒரு நிமிஷம் மாதிரிதான், மஞ்சள் சிவப்பு அட்டையோடு ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான்கு பத்தித் தாளை அங்கேயும் கொண்டுபோங்கள். கூட்டம் கலைந்ததும் வேட்பாளர்கள் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். அம்புக்குறி போட்ட கேள்வியை நேராகப் போய் இன்னொருதரம் கேட்கலாம்.